ஆறு ஆறாய் இருக்கும் மருந்து

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த டைரி அம்மா வேலை பார்க்கும் பைண்டிங் பட்டறையில் கழித்துப் போட்டது. மார்ச் பதினொன்றாம் தேதி இரண்டு முறை அச்சாகிவிட்டதாம். மற்றபடி நல்ல தாள். ஆஸ்பத்திரி சிஸ்டர் தினமும் சர்க்கரை அளவை எழுதி வைக்கச் சொன்னார், அதற்காக எடுத்தேன். எண்ணை மூலையில் சின்னதாக எழுதியாயிற்று. மீதிப் பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். எங்கள் வேலை பந்தி பரிமாறுவது. நாங்கள் ஆறு பேர், ஒரே மாம்பழ நிறச் சேலை, ஒரே அளவு பூ. மண்டபத்துக்குள் ஒன்றாக நுழைவோம், ஒன்றாகத் தண்ணீர் குடிப்போம், பாத்ரூமுக்கும் வரிசையாகத்தான் போவோம். பக்கத்துத் தெரு குருவம்மாதான் என்னை இதில் சேர்த்துவிட்டாள். எங்களைக் கூட்டிப் போவதும் மேய்ப்பதும் ரஞ்சிதம் அக்கா. அக்கா கத்தினால் மேளச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

எனக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. நானே கேட்டு வாங்கியது. தண்ணீர் ஊற்றுகிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். டம்ளரைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கடைசிப் பந்தி எழுந்து இலை எடுத்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. அதுவரை ஒரு பருக்கைகூட வாயில் படக்கூடாது. போன வருஷம் ஒருத்தி பந்தியில் நின்றபடியே அப்பளத்தைக் கடித்தாளாம். மறுநாள் வேனில் அவள் இல்லை.

அம்மா ராத்திரி கேட்டார், "மாரீஸு, ஊசி விஷயத்தை அந்தக்காகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இரண்டு கல்யாணம். கால் என்னுடையது மாதிரி இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பெரியாஸ்பத்திரி. மாதம் ஒரு தடவை மருந்து வாங்கும் வரிசை. எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பேன். இன்று என் முன்னால் நின்ற பெண் திரும்பி, "நீயும் ஊசியா? நானும்தான். ஆறு வயசுலேருந்து. கை குடு" என்றாள். கொடுக்கும் முன்பே பிடித்துக் குலுக்கிவிட்டாள். பெயர் ரிஸ்வானா. பன்னிரண்டாவது, உயிரியல் பிரிவு. வரிசை நகர நகர அவள் வாயும் நகர்ந்துகொண்டே இருந்தது.

உள்ளே சிஸ்டர் என்னைத் திட்டினார். ஊசி போட்டு அரை மணி கழித்துத்தான் சாப்பிட வேண்டும், நான் உடனே சாப்பிடுகிறேன், அதனால்தான் அளவு ஏறி ஏறி இறங்குகிறது என்றார். சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து, "எதுக்கு அரை மணி? மருந்து உள்ள போயிருச்சுல்ல?" என்று முணுமுணுத்தேன். எனக்கு நானே சொன்னதுதான். ரிஸ்வானாவுக்குப் பாம்புக் காது, கேட்டுவிட்டது.

"தோலுக்கு அடியிலதான் போயிருக்கு. ரத்தத்துக்குள்ள போகல" என்றாள். "இன்சுலின் ஒரு புரதம்டி. பாட்டில்ல அது தனித்தனியா இருக்காது. ஆறு ஆறா கைகோத்துக்கிட்டு வட்டமா நிக்கும். நடுவுல துத்தநாகம் உட்கார்ந்து அம்புட்டையும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கும். ஆறும் சேர்ந்த உருண்டை பெருசு, ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கிற இடுக்குல சட்டுனு நுழையாது. தோலுக்கடியில கிடந்து பரவி, ஆறு ரெண்டு ரெண்டாகி, ரெண்டு ஒண்ணொண்ணாகி, அப்புறம்தான் உள்ள போகும். அதுக்குத்தான் அரை மணி."

"அப்ப எதுக்கு ஆறா சேரணும்? மொதல்லயே தனியா இருந்துட்டா?"

"கெட்டுப் போயிரும். சேர்ந்து இருந்தாத்தான் பத்திரம். நல்லா இருக்கிறவங்க உடம்புலயும் கணையம் அதை ஆறு ஆறாத்தான் கட்டி வச்சிருக்கு. தேவைப்படுறப்ப ரத்தத்துல அவிழ்த்து விடும். அங்க கூட்டமே இல்லாததால உடனே பிரிஞ்சிரும். நமக்குத்தான் அந்தக் கடை மூடிட்டாங்களே."

கடை மூடிட்டாங்க என்று சொல்லி அவளே சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். போன் நம்பர் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று மண்டபத்தின் பின்வாசல் ஒடுக்கமானது. ஆறு பேரும் பேசிக்கொண்டே ஒன்றாக நுழையப் போய் முட்டிக்கொண்டு நின்றோம். குருவம்மாவின் வளையல் என் சேலையில் மாட்டிக்கொண்டது. "ஒவ்வொருத்தியா வாங்கடி, பூசணிக்காய் மூட்டை மாதிரி வந்து அடைக்கிறீங்க" என்று அக்கா கத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னடி என்று குருவம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

எங்களுக்குத் துத்தநாகம் ரஞ்சிதம் அக்காதான். ரிஸ்வானாவுக்கு இதைச் செய்தியாக அனுப்பினேன். பதினொரு சிரிப்புப் பொம்மை அனுப்பினாள்.

பிப்ரவரி 12, புதன்

வேலை இல்லை. துணி துவைத்தேன், அம்மாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன். ரிஸ்வானா போன் செய்தாள். நேரம் போகட்டுமே என்று பேசினேன். புரதங்கள் எல்லாமே இப்படிச் சேர்ந்துதான் இருக்குமா என்று கேட்டேன்.

எல்லாம் இல்லையாம், ஆனால் நிறைய உண்டாம். தனியாக இருந்தால் ஒரு வேலை, சேர்ந்தால் வேறு வேலை. ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமக்கிற ஹீமோகுளோபின் நான்கு துண்டு சேர்ந்தது. "நாலும் சும்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கல. மொத ஆளு காத்தைப் பிடிக்கத்தான் கஷ்டப்படும். ஒண்ணு பிடிச்சிருச்சுன்னா மத்த மூணும் லேசா வளைஞ்சு குடுத்து, சுலபமா பிடிச்சிரும். விடுறப்பவும் அப்படித்தான். ஒண்ணு விட்டா மத்ததும் விட்டுரும். அதனாலதான் நெஞ்சுல அள்ளிக்கிட்டுப் போயி, கால் விரல் வரைக்கும் இறக்க முடியுது. தனித்தனியா இருந்தா பிடிச்சதை விடாது."

"பந்தி மாதிரி" என்றேன்.

"என்னது?"

பந்தி போட்டதும் யாரும் முதலில் உட்கார மாட்டார்கள். நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க என்று நிற்பார்கள். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் வரிசை நிறைந்துவிடும். எழுந்திரிக்கும்போதும் ஒருவர் இலையை மடித்தால் மோர் கேட்டவர்கூட மோருக்குக் காத்திருக்காமல் மடித்துவிடுவார். இதை அவளிடம் சொன்னேன்.

"அடியே, எங்க சார் மூணு நாளா நடத்தினாரு இதை" என்றாள். "நீ ஏன்டி பள்ளிக்கூடத்தை விட்ட?"

ஒன்றும் பெரிதாக இல்லை. பத்தாவதில், சமூக அறிவியல் பாடத்தில், சர்க்கரை இறங்கி உளறினேன். கை வெட்டி வெட்டி இழுத்ததாம். வலிப்பு என்றார்கள், சாமி என்றார்கள். ஒரு பிள்ளையின் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்று ஹெச்.எம்.மிடம் சொன்னார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நான்தான் போகவில்லை. எனக்கும் பள்ளிக்கூடம் அவ்வளவு பிடிக்காது.

தனித்தேர்வு எழுதலாம் என்றாள் ரிஸ்வானா. வேண்டாம் என்றேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் எப்போது என்று கேட்டு வைத்தேன், சும்மா.

பிப்ரவரி 16, ஞாயிறு

மருந்துப் பாட்டிலைக் கைப்பையோடு வேனில் விட்டுவிட்டேன். பகல் முழுக்க வெயில். சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்த மருந்தில் வெள்ளை நூல் நூலாக மிதக்கிறது. குலுக்கினால் கரையுமா என்று ரிஸ்வானாவைக் கேட்டேன்.

"தொடாத! தூக்கிப் போடு" என்று கத்தினாள். "அது ஒழுங்கா ஆறு ஆறா சேர்றது இல்ல. சூட்டுல உருக்குலைஞ்சு கண்டபடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டது. இனி என்ன செஞ்சாலும் பிரியாது. பிரியலைன்னா வேலை செய்யாது."

சேர்வதிலும் இரண்டு வகை இருக்கிறது போல. வீட்டில் மண்பானைக்குள் இன்னொரு பாட்டில் இருந்தது, பிழைத்தேன். அம்மாவிடம் பாட்டில் கை தவறி உடைந்தது என்று சொன்னேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பதவி உயர்வு. பாயசம்! கை நடுங்காமல் ஊற்றுகிறேனாம், அக்காவே சொன்னார். பாயச வாளியைத் தூக்கினால் தண்ணீர் மாதிரி தப்பிக்க முடியாது, "இன்னும் கொஞ்சம் விடும்மா", "முந்திரி பாத்து விடும்மா" என்று எல்லாரும் பேசுவார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு தாத்தா, "பிள்ளைக்குப் பேச்சு வராதா?" என்று குருவம்மாவிடம் கேட்டார். "வரும் தாத்தா, மாசத்துக்கு ஒருக்கா வரும்" என்றாள் அவள்.

ஊசிக்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்துவிட்டேன். அக்கா "கடைசிப் பந்தி" என்று சத்தம் கொடுப்பார். உடனே பாத்ரூமுக்குப் போய், இடுப்பில் செருகி வைத்திருக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தால், அந்தப் பந்தி முடிந்து, இலை எடுத்து, மேசை துடைத்து, நாங்கள் உட்காரச் சரியாக அரை மணி. யாருக்கும் தெரியாமல், ஆறு பேரோடு ஆறாவதாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஒருவேளை இறங்கினால் சாப்பிடச் சீனிப் பொட்டலம் கைப்பையில் இருக்கிறது, இடுப்பில் வைத்தால் வியர்வையில் கசிந்துவிடுகிறது. பை உடுப்பு மாற்றும் அறையில் இருக்கிறது. சாவி அக்கா இடுப்பில்.

ஊசி விஷயம் அக்காவுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் நிறுத்திவிடுவார். பந்தியில் ஒருத்தி மயங்கி விழுந்தால் அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? அக்காவைக் குறை சொல்ல முடியாது. எனக்கு இந்த வேலை போனாலும் பரவாயில்லைதான். வேறு வேலை கிடைக்கும். ஆனால் வேனில் வரும்போது குருவம்மா பாடுவாள், மற்றவர்கள் தட்டுவார்கள், நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு எழுத முடியாது.

மார்ச் 10, திங்கள்

நடந்ததில் பாதிதான் எனக்கு நினைவிருக்கிறது. மீதி குருவம்மா சொன்னது.

ராஜபாளையத்தில் பெரிய கல்யாணம். "கடைசிப் பந்தி!" என்று அக்கா சத்தம் கொடுத்தார். போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து பாயச வாளியைத் தூக்கினேன். பந்தி முடிகிற நேரம் வாசலில் ஹாரன். மாப்பிள்ளை ஊர் பஸ். வழியில் டயர் வெடித்து நின்றதாம். ஐம்பது பேர் பசியோடு இறங்குகிறார்கள். "போடு இலையை!" என்றார் அக்கா.

அந்த அரை மணிக்குள் உள்ளே போன மருந்து பிரிந்து பிரிந்து வேலையை ஆரம்பித்திருக்கும். அதற்குப் பஸ் வந்தது தெரியாது. எனக்கு வியர்த்தது. அக்காவிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். அக்கா சமையல்கட்டில் மாஸ்டரோடு சாதம் போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கதவு வரை போனேன். இரண்டு பெரியவர்கள் சண்டை போடும்போது நடுவில் போய் எப்படிப் பேசுவது? திரும்பி வந்தேன்.

வாளியில் பாயசம் இருந்தது. அது என் கையிலேயே இருந்தது. ஆனால் குடிக்கக் கூடாதே.

அப்புறம் இலைகள் எல்லாம் ரொம்பப் பச்சையாகிவிட்டன. ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எனக்காகப் போட்டது போலவே இருந்தது.

இனி குருவம்மா சொன்னது. நான் வாளியோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். என் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, வெள்ளை மீசைக்காரர். லட்டைக் கடைசியில் தின்னலாம் என்று இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாராம். அதை எடுத்து நான் வாயில் போட்டேன். பிறகு அவர் இலையிலேயே பாயசத்தை ஊற்றி, அவர் இலையிலிருந்தே அள்ளிக் குடித்தேன்.

"ஏ தாயி, அது என் இலை" என்றார்.

"தெரியும்" என்றேனாம்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்கிறேன். மற்றதை நம்பினாலும் இதை நம்ப முடியவில்லை.

பந்தியே நின்றுவிட்டது. யாரோ தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள், யாரோ கையில் இரும்பு கொடுக்கச் சொன்னார்கள். எதிர் வரிசையில் இருந்த அந்தப் பெரியப்பாவின் வீட்டுக்காரம்மா மட்டும் மேசையைச் சுற்றி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"வேர்த்து ஊத்துது, கை வெட்டுது. சுகர் இறங்கிருச்சுங்க. தடுக்காதீங்க, திங்கட்டும்" என்றாராம். "எங்க வீட்டுலயும் ஒரு ஆளு இருக்காருல்ல, பாத்துப் பாத்துப் பழகிருச்சு." பிறகு புருஷனைப் பார்த்து, "உங்களுக்குத்தான் லட்டே ஆகாதே, எங்க எடுத்தீங்க? இந்தப் பிள்ளை திங்கலைன்னா நான் பிடுங்கியிருப்பேன்" என்று அங்கேயே வைத்துத் திட்டித் தீர்த்தாராம். அதற்குப் பிறகு பந்தியில் என்னை யாரும் பார்க்கவில்லை, பெரியப்பாவைத்தான் பார்த்தார்கள் என்கிறாள் குருவம்மா. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருப்பாள்.

தெளிந்தபோது அந்த அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். மாம்பழ நிறச் சேலையெல்லாம் பாயசம். அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

வேனில் யாரும் பாடவில்லை. எங்கள் தெரு முனையில் இறங்கும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நாளைக்கு நீ வர வேண்டாம்."

இன்று விருதுநகரில் கல்யாணம். ஐந்து பேர் போயிருக்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

சேலையைத் துவைத்து மடித்தேன். பாயசக் கறை போய்விட்டது. யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். அம்மாவிடம் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறேன். ரிஸ்வானா மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இந்தப் பக்கம் உபயோகப்படும் என்று நினைக்கவே இல்லை.

சாயங்காலம் அம்மா பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் ஐந்து பேரும் நிற்கிறார்கள், முன்னால் ரஞ்சிதம் அக்கா. எங்கள் வீட்டில் இத்தனை பேர் உட்கார இடமில்லை. குருவம்மா குடத்தின் மேல் உட்கார்ந்தாள்.

"உங்க மகளுக்குச் சீக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?" என்று அக்கா அம்மாவிடம் கேட்டார்.

"அவ சொல்லிட்டேன்னாளே" என்றார் அம்மா. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அடுப்படிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன், அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நின்றார்கள்.

"'அக்கா, சாவி'ன்னு ரெண்டு வார்த்தை" என்றார் அக்கா. "அதுக்கு உனக்கு வாய் வரலையா? மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா இலையில கை வைக்கத் தைரியம் இருக்கு, என் இடுப்புல இருக்கிற சாவியைக் கேக்கத் தைரியம் இல்ல. அந்தம்மா மட்டும் அங்க இல்லைன்னா என்னடி ஆகியிருக்கும்? ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலையை எடுத்து நீட்டினேன்.

"எதுக்கு இது?"

"வர வேண்டாம்னு சொன்னீங்கள்ல."

"ஒரு நாள் படுத்துக் கிடக்கட்டுமேன்னு சொன்னேன்டி. அதுக்குள்ள சேலையை மடிச்சிட்டா, பாருங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார், அல்லது சிரித்துக்கொண்டே அழுதார்.

அப்புறம் அக்கா குரல் மாறியது. "ஆனா பந்தியில இனி உன்னை விட முடியாது. எந்தப் பந்தி கடைசின்னு எனக்கே தெரியாது. பஸ்ஸு வரும், மந்திரி வருவாரு, யாரு வேணா வருவாங்க. நீ ஊசியைப் போட்டுக்கிட்டு நிக்கிறதை நினைச்சா எனக்குப் பரிமாறக் கை வராது. வாசல்ல நில்லு. பன்னீர், சந்தனம், கல்கண்டு. வாசல்காரி முதல் பந்தியிலேயே சாப்பிட்டுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க."

"கல்கண்டுத் தட்டு கையிலயேடி!" என்றாள் குருவம்மா குடத்தின் மேலிருந்து. "இறங்குச்சுன்னா ஒரு பிடி அள்ளி வாயில போட்டுக்க. பெரியப்பாவைத் தேட வேண்டாம்."

வாசலில் ஒருத்திதான் நிற்பாள். மற்ற ஐந்து பேரும் உள்ளே. வருகிற ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று கூப்பிட வேண்டும். அதுவும் மேளச் சத்தத்தில் கேட்கிற மாதிரி.

"எனக்கு வராதுக்கா" என்றேன்.

"வாயைத் திறக்காத ஆளை வாசல்ல நிறுத்துனா கல்யாண வீட்டுக்காரங்க என்னைத்தான் கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை நின்னு பாரு. முடியலைன்னா அன்னைக்குச் சேலையைக் குடு. இப்ப உள்ள வை."

மார்ச் 13, வியாழன்

"வாங்க" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். தண்ணீர்க் குழாயைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்துச் சொன்னபோது அது நிஜமாகவே வந்துவிட்டது, விரட்டுவதற்குள் கீரையைத் தின்றுவிட்டது.

குரலைப் பதிவு செய்து ரிஸ்வானாவுக்கு அனுப்பினேன். "இது கூப்பிடுறதா, மன்னிப்பு கேக்கிறதா?" என்று பதில் வந்தது. அப்புறம் போன் செய்து, எடுக்காததற்குத் திட்டினாள். எல்லாவற்றையும் சொன்னேன். லட்டுக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

உள்ளே ஐந்து பேர், நான் மட்டும் வெளியே என்றேன்.

"ஒரு விஷயம் சொல்லவா?" என்றாள். "உடம்புல இருக்கிற செல்லு மேல இன்சுலினுக்குன்னு ஒரு பூட்டு இருக்கு. அது தனி இன்சுலினுக்குத்தான் திறக்கும். ஆறா போனா திறக்காது. ஏன்னா பூட்டுல பொருந்த வேண்டிய பக்கம்தான் கைகோத்துக்கிறப்ப உள்ள மறைஞ்சு கிடக்குது."

"நீ பாடம் எடுக்கிறியா, புத்தி சொல்றியா?"

"பாடம்தான்டி. நாளைக்கு எனக்குப் பரீட்சை."

நான் ஒரு கேள்வி கேட்டேன்: பிரிந்து போனது திரும்பச் சேருமா? ரத்தத்துக்குள் போனால் சேராது என்றாள், வேலையை முடித்துவிட்டுக் கரைந்துவிடுமாம். "அப்ப அது நான் இல்லை" என்றேன். "நான் வேலை முடிஞ்சதும் வேன்ல ஏறணும்." ரொம்ப நேரம் சிரித்தாள். நான் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

உடனே பிரிகிற மாதிரி மாற்றிச் செய்த இன்சுலினும் இருக்கிறதாம். ஆறாகச் சேர்ந்தாலும் கையை இறுக்கிப் பிடிக்காது. இலை முன்னால் உட்கார்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போதைக்கு இல்லை. அடுத்த தடவை சிஸ்டரிடம் நானே கேட்கப் போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர். வேனை விட்டு இறங்கியதும் ஐந்து பேரும் உள்ளே போனார்கள். குருவம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்த் தூணில் இடித்துக்கொண்டாள்.

வாசலில் ஒரு மேசை. வெள்ளித் தட்டில் கல்கண்டு, கிண்ணத்தில் சந்தனம், பன்னீர்ச் செம்பு. அதற்குப் பின்னால் நான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் வந்தவர் போனில் பேசிக்கொண்டே போனார். அவர் முதுகைப் பார்த்து "வாங்க" என்றேன். அடுத்து இரண்டு பெண்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர்களாகவே சந்தனம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணப் பெண்ணின் மாமாவாம், பட்டு வேட்டிக்காரர், கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போனார். அக்காவைத் தேடித்தான் போகிறார் என்று புரிந்தது.

அப்போது ஒரு அம்மா படியேறத் தடுமாறி நின்றார். கையில் பெரிய பித்தளைக் குத்துவிளக்கு, வண்ணத்தாள் சுற்றியது. யாரும் அவரைக் கவனிக்கவில்லை. உள்ளே போகலாமா, இந்த மண்டபம்தானா என்று பலகையைப் பார்க்கிறார், படிக்கத் தெரியவில்லை போல. எனக்கு அந்த நிற்கிற விதம் நன்றாகத் தெரியும். செம்பை வைத்துவிட்டு இரண்டு படி இறங்கினேன்.

"வாங்கம்மா" என்றேன். "இந்த வீட்டுக் கல்யாணம்தான். வாங்க."

அவர் முகம் விரிந்தது. ஒரு பக்கம் நான் பிடிக்க, விளக்கோடு ஏறிவந்தார். சந்தனம் எடுத்துக்கொண்டு, என் கன்னத்திலும் கொஞ்சம் தடவிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனை பேரைக் கூப்பிட்டேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் வாங்க வாங்க என்று கூப்பிட்டதில் மண்டபத்துக்குக் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரும் சந்தனம் வைத்துக்கொண்டார். பட்டு வேட்டி மாமா திரும்பி வந்து பார்த்துவிட்டு, ஒரு கல்கண்டை எடுத்துக்கொண்டு போனார்.

முகூர்த்தம் நெருங்கியபோது உடுப்பு மாற்றும் அறையில் ஊசி போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்தவில்லை. அக்கா எதிரில் நின்று பூவின் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "வலிக்குமா?" என்று மட்டும் கேட்டார். "இல்லக்கா" என்றேன். திரும்பி வாசலுக்கு வந்தேன்.

தாலி கட்டியாயிற்று. கெட்டிமேளம் உச்சத்துக்குப் போய் ஓய்ந்தது. நாயனக்காரர் மூச்சு வாங்குவதற்காக நாயனத்தை இறக்கினார். முந்நூறு பேர் இருக்கிற மண்டபம், குண்டூசி விழுந்தால் கேட்கும். அந்த நேரம் பார்த்து, பந்திக்கூடத்துக் கதவிலிருந்து ரஞ்சிதம் அக்காவின் குரல்:

"மாரீஸு! ஊசி போட்டு அரை மணி ஆச்சு! சாப்பிட வாடி!"

மணமேடையில் இருந்தவர்கள் உட்பட எல்லாரும் திரும்பினார்கள். முந்நூறு தலையும் வாசலைப் பார்த்தன. மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்ள இடம் இருந்தது. நான் பார்த்துவிட்டேன், தாராளமாக இடம் இருந்தது.

"வாரேங்க்கா!" என்று கத்தினேன்.

நாயனக்காரரே என்னை நிமிர்ந்து பார்த்தார். செம்பில் மிச்சமிருந்த பன்னீரைக் கடைசி வரிசை நாற்காலிக்காரர்கள் மேல் தெளித்துவிட்டு, மண்டபத்தின் நடுவழியாகவே சாப்பிடப் போனேன். இன்று லட்டு இல்லை, ஜாங்கிரி. எனக்கு ஆகாது. என் இலையில் வைத்ததைக் குருவம்மாவுக்கு எடுத்து வைத்தேன், கடைசிப் பந்திக்குப் பிறகு தின்றுகொள்வாள்.